என் உடம்புக்கு நான்தான் சாட்சி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு மாடு, நம்ம குழு, இவ்வளவுதான் என் உலகம். மேடை ஏறிப் பேசிப் பழக்கமில்லை. "உனக்கு நடந்ததை நீயே சொன்னாத்தான் நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால நோட்டுல எழுதி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.

போன வருஷம் நான் உடல் எடையைக் குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். "வாயைக் கட்ட முடியலை, வயித்தை அறுத்துக்கிட்டா"ன்னு ஊருக்குள்ள பேசினது என் காதுக்கும் வந்துச்சு. அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். அப்ப என் எடை 112 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். சர்க்கரைக்கு ரெண்டு வேளை மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும், திடுக்குன்னு எழுந்து உட்காருவேன். பட்டினி, நடை, கசாயம், பொடி எல்லாம் பார்த்தாச்சு. எடையை உயரத்தோட சேர்த்துப் போடற கணக்குக்கு பி.எம்.ஐ.ன்னு பேரு. அது ஒரு அளவுக்கு மேல இருந்தாலோ, சர்க்கரை, பிரஷர் மாதிரி நோயோட சேர்ந்து அதை விடக் கொஞ்சம் குறைவா இருந்தாலோ இந்த ஆபரேஷனை யோசிக்கலாம்னு டாக்டருங்க சொல்றாங்க. எனக்கு 46-க்கு மேல இருந்துச்சு. அழகுக்காகப் பண்ணலைங்க, உயிருக்காகப் பண்ணினது. நகையை அடகு வச்சு, நம்ம குழுவுல உள்கடன் வாங்கித்தான் கோயம்புத்தூருக்குப் போனோம்.

எனக்குச் செஞ்சது இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை வாழைக்காய் மாதிரி ஒரு குழாயா வச்சு, சின்னச் சின்ன உலோகப் பின் போட்டு மூடற ஆபரேஷன். வயித்துல அஞ்சாறு ஓட்டைதான் போடுவாங்க. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அனுப்பறப்ப டிஸ்சார்ஜ் சீட்டோட இன்னொரு தாளும் கொடுத்தாங்க. 'இப்படி இருந்தால் உடனே வரவும்'னு தமிழ்லயே அச்சடிச்சிருந்துச்சு. படுத்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல போறது, காய்ச்சல், மூச்சு வாங்கறது, இடது தோள்பட்டையில வலி, குறையாத வயித்து வலி, நிக்காத வாந்தி. பின் போட்ட இடம் விட்டுப்போய், வயித்துல இருக்கறது உள்ளுக்குள்ள கசிஞ்சா இந்த அறிகுறியெல்லாம் வருமாம். பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துல வரும், அதுக்கப்புறமும் வரலாம்னு சிஸ்டர் சொல்லியிருந்தாங்க. அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி இடது தோள்பட்டையில குத்தல் எடுத்துச்சு. மோர் தவிர வேற எதுவும் குடிக்கலை. ஆனா மாரு படபடன்னு அடிக்குது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நாடியை எண்ணினேன். 128. கால் மணி நேரம் படுத்திருந்துட்டு மறுபடியும் எண்ணினேன். 130. காய்ச்சல் 101. தாளைக் கையில எடுத்துக்கிட்டு பக்கத்து டவுன்ல இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்க ராத்திரி டியூட்டியில ஒரு இளவயசு டாக்டர் இருந்தாரு. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துட்டு, "ஹார்ட் நல்லா இருக்கும்மா, இது கேஸ். குண்டா இருக்கறவங்களுக்கு இப்படி மூச்சு வாங்கறது சகஜம். ஊசி போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க"ன்னாரு. பேசறதெல்லாம் எங்க வீட்டுக்காரரைப் பார்த்துத்தான். படுத்திருக்கறவ நான். எங்க வீட்டுக்காரரும், "டாக்டரே சொல்லிட்டாரு, வா போலாம்"னாரு.

அக்கா, அந்த நேரத்துல எனக்கு வலியை விட வெக்கம்தான் பெரிசா இருந்துச்சு. தானா தேடிப்போய்ப் பண்ணிக்கிட்ட ஆபரேஷன், செலவு வேற, இந்த நேரத்துல எல்லாரையும் எழுப்பி அலைய விடறோமேன்னு. குண்டா இருக்கற பொம்பளைக்கு எந்த நோவு வந்தாலும் குண்டுனாலதான்னு சொல்லிச் சொல்லி, நமக்கே அது பாதி உண்மையா ஆகிடுது. ஆனா சுவர்க் கடிகாரம் பொய் சொல்லாதுங்களே. நான் சொன்னேன்: "மாமா, வலி எனக்கு. நீங்க கோயம்புத்தூர் டாக்டருக்கு போன் மட்டும் போடுங்க." அப்புறம் டாக்டர்கிட்ட, "சார், ஹார்ட் நல்லா இருக்கறது சந்தோஷம். அப்படின்னா சும்மா படுத்திருக்கறப்ப நாடி ஏன் 130 ஓடுது? எனக்கு இரைப்பையை வெட்டி ஒன்பது நாள்தான் ஆச்சு. இந்தத் தாள்ல போட்டிருக்கிற நாலு அறிகுறி எனக்கு இருக்கு"ன்னேன்.

அவரு மறுபடியும் கேஸ்னே சொன்னாரு. அப்ப நம்ம தீர்மான நோட்டு ஞாபகம் வந்துச்சு. வாயால எவ்வளவு பேசினாலும் நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தானே தீர்மானம்! "சரிங்க சார். ஆபரேஷன் ஆகி ஒன்பதாம் நாள், நாடி 130, காய்ச்சல் 101, கசிவா இருக்குமான்னு நோயாளி கேட்டாங்க, அதெல்லாம் இல்லைன்னு அனுப்பறோம்னு சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க, போயிடறேன்"னு சொன்னேன். சத்தம் போடலை, சண்டை போடலை. அப்பத்தான் அவரு அந்தத் தாளை வாங்கிப் படிச்சாரு. அதுக்குள்ள போன் கிடைச்சுது. ரெண்டு டாக்டரும் பேசினாங்க. அஞ்சே நிமிஷம்தான். "உடனே கிளம்புங்க, 108-ஐ நானே கூப்பிடறேன்"னு அவரே சொன்னாரு. கையில ஊசி குத்தி, மருந்து ஏத்தி, வண்டியில ஏத்தி விட்டவரும் அவருதான். அவரை நான் குறை சொல்ல வரலைங்க. அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அது என் உடம்புக்குள்ள இருந்துச்சு, என் கையில தாளா இருந்துச்சு. அதை அவருகிட்டச் சேர்க்கற வேலை என்னோடது.

கோயம்புத்தூர்ல சி.டி. ஸ்கேன் எடுத்தாங்க. கசிவுதான். உள்ளே சீழ் கட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. விடியறதுக்குள்ள மறுபடியும் ஆபரேஷன் பண்ணிக் கழுவி விட்டு, சீழ் வெளியே வர ஒரு குழாய், சாப்பாடு உள்ளே போக ஒரு குழாய்னு வச்சாங்க. 23 நாள் இருந்தேன். காலையிலதான் வந்திருந்தா கிருமி ரத்தத்துல கலந்திருக்கும்னு சொன்னாங்க. இப்ப என் எடை 79 கிலோ. சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திட்டாரு. சத்து மாத்திரை மட்டும் ஆயுசுக்கும் சாப்பிடணும்.

இது என் கதை. உங்களுக்கு நான் சொல்ல வந்தது வேற. இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க நம்மள்ல ஒண்ணு ரெண்டு பேரா இருக்கலாம். ஆனா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், சிசேரியன், கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன், இதுல ஏதாவது ஒண்ணு பண்ணிக்காதவங்க இந்தப் பந்தல்ல எத்தனை பேர் இருப்பீங்க? வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், நாத்தமடிக்கிற கசிவு, ஒரு மணி நேரத்துல ஒரு பேடு நனையற அளவுக்கு ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கறது, மூச்சுத் திணறல் இருந்தா, 'ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும்'னு யாரு சொன்னாலும் கேட்டுட்டு உட்கார்ந்திருக்காதீங்க.

ஆஸ்பத்திரியில நாம என்ன சொல்றோம்? "முடியலைங்க", "என்னமோ பண்ணுது". அதைக் கேட்டு டாக்டர் என்ன எழுதுவாரு? இப்படிச் சொல்லிப் பழகுங்க. என்ன ஆபரேஷன், எங்கே, என்னைக்கு நடந்துச்சு. இப்ப என்ன செய்யுது, எத்தனை மணியிலிருந்து. காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு. கடைசியா, "எனக்கு இதை நினைச்சுப் பயமா இருக்கு, இது இல்லைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?" இந்த நாலு வார்த்தை போதும். பேங்க்ல கடன் கேட்கறப்ப எத்தனை மாடு, எத்தனை லிட்டர், எத்தனை தவணைன்னு கணக்காத்தானே பேசறோம்? அதே வாய்தான்.

எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். பல நாளா வாந்தி எடுத்து எதுவும் இறங்காம ஆஸ்பத்திரிக்குப் போனா, குளுக்கோஸ் பாட்டில் மாட்டறதுக்கு முன்னாடி தயாமின் ஊசி போடணுமான்னு கேளுங்க. அது பி1 வைட்டமின். அது குறைஞ்ச உடம்புல வெறும் குளுக்கோஸை ஏத்தினா மூளையைப் பாதிக்கலாம். தலை சுத்தல், கண்ணு ரெண்டு ரெண்டா தெரியறது, நடை தள்ளாடறது இருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க. ரெண்டாவது, கடையில வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க. சில வலி மாத்திரை வயித்துல புண் உண்டாக்கும். உங்க டாக்டர் சொன்னதை மட்டும் போடுங்க.

சட்டமும் நம்ம பக்கம் இருக்கு. உயிருக்கு ஆபத்துன்னு வர்றவங்களுக்கு வைத்தியம் பார்க்கிறது, அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் கடமைன்னு உச்ச நீதிமன்றம் 1989-லயே தீர்ப்பு சொல்லிடுச்சு. நம்ம மருத்துவக் குறிப்பை நாம எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2002-ல வந்த மருத்துவக் கவுன்சில் விதி சொல்லுது. அவசரம்னா 108. சந்தேகம் கேட்க 104.

கடைசியா இந்தக் கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, ஒவ்வொரு குழுவிலயும் ஆபரேஷன் ஆகி வந்த உறுப்பினரை ஒரு மாசத்துக்குத் தினமும் ஒருத்தர் போய்ப் பார்த்து, காய்ச்சலும் நாடியும் எழுதி வைக்கணும். ரெண்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆபரேஷன் பண்ணின டாக்டரோட போன் நம்பர் எல்லாம் ஒரே கவர்ல, வீட்ல எல்லாருக்கும் தெரியற இடத்துல இருக்கணும். மூணு, ராத்திரியில ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கூடப் போக குழுவுல ஒருத்தரை முன்கூட்டியே பேசி வைக்கணும். நோவுல கிடக்கிறவளுக்குச் சில நேரம் பேச்சு வராது. அப்ப அவ பக்கத்துல நின்னு, "சார், அவங்க நாடியை ஒரு தடவை எண்ணிப் பாருங்க"ன்னு சொல்ல ஒரு வாய் வேணும்.

நம்ம ஊர்ல எனக்குக் கடன் கொடுத்ததும் நம்ம குழுதான். 23 நாளும் என் மாட்டுக்குத் தீவனம் போட்டு, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊத்தினதும் நம்ம குழுதான். அந்தக் கடன்ல இன்னும் ஆறு தவணை பாக்கி இருக்குங்க. அதைக் கட்டி முடிச்சிடுவேன். மத்தக் கடனை இப்படி மேடை ஏறிப் பேசித்தான் தீர்க்கணும். இந்த மூணு கோரிக்கையையும் இன்னைக்கே தீர்மான நோட்டுல ஏத்தணும்னு கேட்டுக்கறேன்.