கடல் கடந்த திரை: தென்காசித் தமிழரும் ஹொக்கியன் சீனரும்

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத் தமிழ் முஸ்லிம்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருமளவில் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களின் நெசவுத் தறி சோறு போடாத காலம் அது. தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியில் அவர்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கினர். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரை அதற்கு இட்டது. 1982 வரை அப்பள்ளி நடந்தது. 'தமிழ் முரசு' இதழ் 1935 முதல் வெளிவந்தது. எழுத்தறியாதவரையும் ஊர்மொழியோடு பிணைத்து வைத்தது திரைப்படம்.

அதே நகரின் சீனரில் பெருந்தொகையினர் பேசிய ஹொக்கியன் மொழியின் சினிமா வேறு வழியில் வளர்ந்தது. 1940களின் இறுதியிலிருந்து ஹாங்காங்கில் அமோய் மொழி எனப்பட்ட ஹொக்கியனில் படங்கள் உருவாயின. 1949க்குப் பின் தாயகமான அமோய், அதாவது இன்றைய சியாமென், அவற்றுக்குச் சந்தையாக இல்லை. சிங்கப்பூர், மலாயா, பிலிப்பைன்ஸ் ரசிகர்களே அவற்றுக்கு ஆதாரம். முதலீட்டிலும் அவ்வூர்களின் பங்கு இருந்தது. புலம்பெயர்ந்தவருக்காகவே பிறந்த சினிமா அது. தைவானிலும் 1950களின் நடுவிலிருந்து இம்மொழியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. பிறகு மாண்டரினை முன்னிறுத்திய அங்குள்ள அரசுக் கொள்கைகள் அந்தச் சினிமாவை ஒடுக்கின. சிங்கப்பூரில் 1979இல் மாண்டரின் இயக்கம் தொடங்கியபின், ஒலிபரப்பிலிருந்தும் ஹொக்கியன் படிப்படியாக விலக்கப்பட்டது. ஆட்சிமொழி என்ற காப்பு அங்கே தமிழுக்கு இருந்தது. தொகையில் பன்மடங்கு பெரிய ஹொக்கியனுக்கு இல்லை.

ஆனால் தமிழ்த் திரையின் மையம் கோடம்பாக்கத்தை விட்டு நகரவில்லை. 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), 'ப்ரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) ஆகியவை சிங்கப்பூரைப் பாட்டுக்கும் பவனிக்கும் உரிய இடமாகக் கண்டன. துறைமுகத்தில் உழைத்த தென்காசித் தமிழர் அவற்றின் கதைக்குள் வரவில்லை, இது பெருங்குறை. 'ரோஜா' (1992) நாயகியின் ஊர் தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரம். ஊர் கடல் கடந்து திரையில் போனது. போனவர் வாழ்க்கை திரும்பி வரவில்லை.

தமிழர் கைத்திறன் பிறமொழித் திரைக்குச் சென்றதும் இவ்வரலாற்றின் பகுதியே. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், ஷா சகோதரர்களின் சிங்கப்பூர் ஸ்டூடியோவில் 'பக்தி' (1950) என்ற மலாய்ப் படத்தை இயக்கினார். மலாய்த் திரையின் மாபெரும் கலைஞர் பி. ராம்லி முதன்முதலாக நாயகனாக நடித்தது அதில்தான். தமிழ்த் திரை வரலாற்று நூல்களில் கிருஷ்ணனுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

புலம்பெயர்ந்தோர் தம் வாழ்வைத் தாமே சொல்லத் தொடங்கியது மிகப் பிந்தி. மலேசியத் தோட்டப்புறத்தைக் காட்டிய 'செம்மண் சாலை' 2005இலும், தோட்டத்தை இழந்து நகர் விளிம்புக்கு வந்த குடும்பத்தைச் சொன்ன 'ஜகாட்' 2015இலும் வெளிவந்தன. இடையில் 2008இல் கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குச் சிங்கப்பூரிலிருந்து முதன்முதலாகத் தேர்வான படம் 'மை மேஜிக்'. ஒரு தமிழ்த் தந்தையையும் மகனையும் பற்றிய அந்தத் தமிழ்ப் படத்தை இயக்கியவர் ஹொக்கியன் குடும்பத்தில் பிறந்த எரிக் கூ.