துங்காரேஷ்வர் அருவியும் வஜ்ரேஷ்வரி வெந்நீரும்

துங்காரேஷ்வர் காடு மும்பைக்கு வடக்கே, வசாய்க்குக் கிழக்கே மலைமேல் இருக்கிறது. 2003-இல் வனவிலங்குச் சரணாலயமானது. பரப்பு சுமார் 85 சதுர கிலோமீட்டர். போரிவிலி தேசியப் பூங்காவையும் தான்சா காட்டையும் இணைக்கும் பாலம் இது. சிறுத்தைகளுக்கு இந்த வழி மிக அவசியம். இங்கே வர, மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் ரயில் ஏறி, அந்தேரியில் விரார் வண்டிக்கு மாறி, வசாய் ரோட்டில் இறங்கலாம். துங்காரேஷ்வர் இலையுதிர் காடு. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அருவிகள் பொங்கும். காட்டுக்குள் இருக்கும் சிவன் கோயிலுக்குப் போகும் பாதையிலேயே ஓடைகள் குறுக்கிடும். பெருமழை நாளில் அவற்றைக் கடப்பது ஆபத்து.

காட்டுக்கு அப்பால், தான்சா ஆற்றோரம் வஜ்ரேஷ்வரி, அக்லோலி, கணேஷ்புரி வெந்நீர் ஊற்றுகள். இங்கே எரிமலை ஏதும் இன்று உயிரோடு இல்லை. மழைநீர் கரும்பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடாகி, மீண்டும் மேலே வருகிறது. தாணே முதல் ரத்னகிரி வரை கொங்கணத்தில் இப்படிப் பல ஊற்றுகள் உண்டு. ஊற்றுநீர் தேங்கும் குண்டங்களின் சூடு ஒன்றுபோல் இராது. காலை நனைத்துப் பார்த்தே இறங்க வேண்டும். வஜ்ரேஷ்வரி கோயில், 1739-இல் வசாய்க் கோட்டையை வென்ற மராத்தியத் தளபதி சிமாஜி அப்பாவின் நேர்த்திக்கடன்.