பிரசவத்துக்கு வரும் பறவைகள்



பனிக்காலம் வந்தால் பெங்களூரிலிருந்து பலர் கேமராவோடு கொக்கரே பெள்ளூருக்குப் போகிறார்கள். மத்தூருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஊர் அது. கன்னடத்தில் 'கொக்கரே' என்றால் கொக்கு, நாரை.

அங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூட்டம் கூட்டமாக வரும். காட்டில் அல்ல, வீட்டுப் பக்கத்துப் புளியமரத்தில் கூடு கட்டும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். கோடை முடியும்போது குஞ்சுகளோடு போய்விடும்.

கூடு உள்ள மரத்தில் புளி உலுக்க முடியாது. மரத்துக்காரருக்கு நஷ்டம்தான். ஆனாலும் ஊரார் விரட்டுவதில்லை. "தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த மகள்" என்கிறார்கள். பறவை எச்சம் வயலுக்கு நல்ல உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2007இல் அரசு இந்த ஊரைச் சமூகக் காப்பகமாக அறிவித்தது.

படம் எடுக்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பறக்கிற படம் வேண்டும் என்று கல் எறிந்தால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும். முட்டை வெயிலில் காயும். காகமும் பருந்தும் குஞ்சைத் தூக்கிவிடும்.

தள்ளி நின்று பாருங்கள். சத்தம் போடாதீர்கள். ஊரார் புளியையே விட்டுக்கொடுக்கிறார்கள். பார்க்கப் போகிறவர் ஒரு படத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதா?