மருந்து கூடினால் சத்தம்தான் கூடும்



சேர்வராயன் மலையிலே சாமை, கேழ்வரகு கதிர் பிடிக்கிற நேரம், காவல் பரணில் நாட்டுத் துப்பாக்கியும் ஏறிவிடும். பயிர்க் காவலுக்கென்றே, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற இந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் இடம் உண்டு. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி 2 முதல் 5 வருஷம் வரை சிறை. அப்படி ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள். இனி சொல்வது உரிமம் உள்ளவர்களுக்கு.

"மருந்தை அள்ளிப் போட்டாத்தான் ரவை நல்லாப் போகும்" என்பார்கள். அது சரியில்லைங்க. மருந்து மிஞ்சினால் சத்தமும் தோளில் உதையும் கூடும். ரவை சேர்ந்து போகாமல் சிதறும். பழைய குழல் வெடித்தே போகும். கண்ணும் விரலும் போவது அப்படித்தான். ஆகவே முதலில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் குழலைக் காட்டி, அது தாங்குகிற உச்ச அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்கணக்கு வேண்டாம். ஒரு சின்னக் குப்பியை அளவாக வைத்து, மருந்தையும் ஈய ரவையையும் அதிலேயே சமமாக அளந்து, குறைவிலிருந்து தொடங்குங்கள். ஆள் நடமாட்டமில்லாத சொந்த நிலத்தில், மண்மேட்டுக்கு முன்னால் பழைய செய்தித்தாளைக் கட்டிச் சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தாளின் நடுவில் ரவை படாமல் வெறுமையாக இருந்தால் மருந்தைக் குறைக்க வேண்டும்.

பால்ரஸ், ஆணித்துண்டு போட்டால் குழல் கீறிப் போகும். தோட்டாவைப் பிரித்தெடுத்த மருந்தோ எமன்; தொடவே தொடாதீர்கள். தக்கை மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். வெறுங்குழலில் இடிகம்பியை விட்டு, வாய் மட்டத்தில் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு எப்போது விட்டாலும் கீறல் மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. இருட்டில் ரெண்டாம் தடவை கெட்டித்துவிடாமல் இது காப்பாற்றும்.

சரி, எதைச் சுடுவது? காட்டெருமையின் பக்கமே திருப்பக்கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பன்றியையும் நாம் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்பதுதான். ஆகவே பரணில் உங்களுக்கு வேண்டியது ரவை இல்லாத வெற்று வெடி. அதிலும் தக்கை பாய்ந்து வரும். ஆள் இருக்கிற பக்கம் நீட்டாதீர்கள்.

நம்ம மலைப் பனிமூட்டத்தில் கருமருந்து ஈரம் இழுக்கும். இறுக மூடி வையுங்கள். அடுப்படியில் உலர்த்தப் போகாதீர்கள். சுட்ட அன்றைக்கே குழலில் மருந்து இல்லையென்று பார்த்து, வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்றால் துரு முந்திக்கொள்ளும்.