பாட்டை மாற்றாதீர்கள்

மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு வீடியோ கடை மறந்திருக்காது. தமிழ்நாட்டில் ஒளியேறிய தொடரைக் கேசட்டில் பதிந்து வாடகைக்கு விடுவார்கள். பிறகு அதுவே விசிடியாக வந்தது. லயத்தில் ஒருவர் எடுத்து வந்தால் நாலு வீடு பார்க்கும். உரிமம், அனுமதி என்றெல்லாம் அப்போது யார் கேட்டார்கள்?

இப்போது அந்தத் தொடர்களை முறைப்படி, நல்ல பதிப்பாக வெளியிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். கேட்பது சுலபம். இயக்குநர் திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002 முதல் 2005 வரை சன் டிவியில் ஓடியது. 800 பகுதிகளுக்கு மேல். ஒரு பகுதி 20 நிமிடம் என்று வைத்தாலே 260 மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஒரு சாதாரண டிவிடியில் படம் கெடாமல் இரண்டு மணி நேரம் அடங்கும். அப்படியானால் 130 டிஸ்க்குக்கு மேல். யார் அச்சடிப்பது, யார் வாங்கி எங்கே அடுக்குவது? நம் நாட்டில் விற்பதென்றால் தணிக்கை வாரியமும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும், பாவம். இயக்குநர் நாகாவின் ‘மர்மதேசம்’ மாதிரி வாரத் தொடர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கவிதாலயா நிறுவனம் அதை யூடியூபிலேயே ஏற்றிவிட்டது.

அடுத்தது படத்தின் வடிவம். அன்றைய படம் 4க்கு 3. இன்றைய டிவி அகலம். இழுத்து நிரப்பினால் ஆட்கள் உப்பிப் போவார்கள். மேலும் கீழும் வெட்டினால் தலையும் காலும் போய்விடும். ‘மெட்டி ஒலி’யின் தொடக்கப் பாட்டுக்கு ஆடியவருக்கு இன்றும் ‘மெட்டி ஒலி’ சாந்தி என்றுதான் பெயர். காலை வெட்டிவிட்டு அந்த ஆட்டத்தில் என்னத்தைப் பார்ப்பது? இன்னொரு சிக்கல்: பழைய வீடியோவில் ஒற்றைப்படை வரிகள் ஒரு தவணை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தவணை என்றுதான் படம் பதிவாகும். கணினியில் அவசரமாக மாற்றினால், வீசும் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிளந்து தெரியும். என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வில்லங்கம் பாட்டு. அமெரிக்காவில் ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ என்றொரு நகைச்சுவைத் தொடர். வானொலி நிலையத்தில் நடக்கிற கதை. 2007இல் முதல் பருவம் டிவிடியில் வந்தபோது, உரிமைத் தொகை கட்டுப்படியாகாமல் பல பாட்டுகளைத் தூக்கிவிட்டு வேறு இசையைப் போட்டார்கள். வானொலிக் கதையில் பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? 2014இல் வேறொரு நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளைத் திரும்பச் சேர்த்து முழுத் தொடரையும் வெளியிட்டது. நம் தொடர்களிலும் கல்யாண வீடு என்றால் சினிமாப் பாட்டு ஒலிக்கும். ஒளிபரப்புக்கென்று போட்ட ஒப்பந்தத்தில் வீட்டு வீடியோ பற்றிப் பேச்சே இல்லையென்றால், பாட்டு உரிமையாளர் ஒவ்வொருவர் வாசலிலும் மறுபடி போய் நிற்க வேண்டும். படம் கீறலோடு வரட்டும், நான் வாங்குவேன். பாட்டை மாற்றியதை வாங்க மாட்டேன்.

இதெல்லாம் மூல நாடா இருந்தால்தான். பிரிட்டனின் பிபிசி தன் பழைய நாடாக்களை அழித்து, மறுபடி பயன்படுத்தியது. அதன் ‘டாக்டர் ஹூ’ தொடரில் அப்படிக் காணாமல் போயிருந்த 9 பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து ஒளிபரப்பு நிலையத்தில் கிடைத்ததாக 2013இல் அறிவித்தார்கள்.

ஆகவே நம் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மின் தமிழ் நாடகம் எதையாவது வீட்டில் யாரேனும் பதிந்து வைத்திருந்தால், தயவுசெய்து வீசிவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துச் சுருளைப் பாருங்கள். நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கலாம். அப்படியே பிளேயரில் தள்ளினால் பொடி ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, முதல் தடவை ஓட்டும்போதே கணினியில் பதியச் சொல்லுங்கள். கேசட்டின் முதுகில் ஒட்டிய சீட்டையும் பிய்க்காதீர்கள். எந்த நாடகம் எந்தத் தேதியில் ஒளியேறியது என்பதற்குச் சில சமயம் அந்தக் கையெழுத்துதான் ஆதாரம்.