மூன்றாம் நாள் கேட்க வேண்டிய கேள்வி



நூற்றாண்டு விழா மேடையில் சளியைப் பற்றியா பேசுவாள் இவள் என்று நினைப்பீர்கள். ஆனால் எம்மில் பலர் இன்று அம்மாவின், மாமியின் கட்டிலருகே நிற்கும் வயதில் இருக்கிறோம்.

கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ நியூமோனியாவுடன் வரும் சிலர், ஊரிலேயே இரண்டு மூன்று நாள் அன்டிபயோட்டிக் குடித்துவிட்டு வருகிறார்கள். பிறகு சளியைப் பரிசோதித்தால் பெரும்பாலும் கிருமி வளராது. எந்தக் கிருமியென்று தெரியாவிட்டால், பலவற்றையும் கொல்லும் மருந்தையே வைத்தியர் தொடர வேண்டியிருக்கும். ஆகவே வெறும் மாத்திரை அட்டையையாவது கொண்டு வாருங்கள்.

முதல் நாள் தாமதமின்றி மருந்து ஏற்றத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. சிக்கல் அதன் பின்னர்தான். காய்ச்சல் இறங்கி, மூச்சுச் சீராகி, கஞ்சி குடிக்கத் தொடங்கினால் ஊசியை மாத்திரையாக்கலாம். சாதாரண நியூமோனியாவுக்குப் பெரும்பாலும் 5 நாள் போதும். 2021இல் லான்செட் சஞ்சிகையில் வந்த பிரெஞ்சு ஆய்வொன்றில், மூன்றாம் நாளே தேறி அத்துடன் மருந்தை நிறுத்தியவர்கள், 8 நாள் எடுத்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. வைரஸால் வந்ததென்றால் இந்த மருந்தால் பயனே இல்லை. தேவைக்கு மேற்பட்ட நாட்கள் தருவது வயிற்றோட்டமும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான். அவை பக்கத்துக் கட்டிலுக்கும் போகும்.

இருமல் மட்டும் வாரக்கணக்கில் நீடிக்கும். அதைக் கண்டு, "இன்னும் பலமான ஊசி போடுங்க டொக்டர்" என்று உறவினர் நெருக்கும்போது, நிறைந்த விடுதியில் நிற்கும் இளம் வைத்தியருக்கு மறுப்பது எளிதல்ல. மூன்றாம் நாள், "இந்த மருந்து இன்னும் தேவையா?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். நான் கோபிக்க மாட்டேன்.