சீல் மாத்தியாச்சு, ஆனா இன்னும் ஒழுகுது

இன்னிக்கு கோடிங் கிடையாது, வேலை மாறுறது பத்தியும் கிடையாது. ஆயில் சீல் பத்திப் பேசப்போறேன். சிரிக்காதீங்க. வண்டி வச்சிருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு இந்தக் கோபம் இருக்கும். ஒரே பார்ட்டு, ஒரே இடம், காசு கொடுத்து மாத்துறோம், ஆறு மாசத்துல திரும்ப அதே கறை.

என்னுது 2018 மாடல், 150 சிசி. எந்தக் கம்பெனின்னு சொல்லலை, ஏன்னா இது எல்லா வண்டியிலயும் நடக்குற கதை. முன்னாடி ஃபோர்க் ஆயில் சீலை ஒன்றரை வருஷத்துல மூணு தடவை மாத்தினேன். மூணு தடவையும் டிஸ்க் பிரேக் இருக்கிற பக்கம்தான் ஒழுகுச்சு. பிரச்சினை அங்கதான். ஃபோர்க்ல இருந்து இறங்குற ஆயில் காலிப்பர் மேல வழிஞ்சு டிஸ்க்குக்குப் போகும். பிரேக் பேடு ஆயிலைக் குடிச்சிருச்சுன்னா துடைச்செல்லாம் சரிபண்ண முடியாது, பேடையும் சேர்த்து மாத்தணும். அதுக்கு முன்னாடி அவிநாசி ரோட்ல முன்னால போற பஸ் சட்டுனு நின்னா என்ன ஆகும்னு நீங்களே நினைச்சுக்கங்க.

ஃபோர்க்குக்குள்ள என்ன இருக்குதுன்னு முதல்ல பார்த்துருவோம். பளபளன்னு குரோம் பூசின ஒரு குழாய், கீழ இருக்கிற தடிமனான குழாய்க்குள்ள ஏறி இறங்குது. உள்ள ஸ்பிரிங்கும் ஆயிலும். குழியில விழுந்த வண்டி துள்ளிக்கிட்டே இருக்காம அடங்குறது அந்த ஆயிலாலதான். கீழ்க்குழாயோட வாயில ஒரு ரப்பர் வளையம், அதுதான் சீல். அதுக்கு மேல தூசியைத் தடுக்க இன்னொரு சின்ன வளையம்.

சீல்னா அடைப்பான்னு நினைச்சுக்குவோம். உண்மையில அது முழுசா அடைக்கிறதில்லை. அதோட உதட்டுக்கும் குரோமுக்கும் நடுவுல ரொம்ப மெல்லிசா ஒரு ஆயில் படலம் இருந்தே ஆகணும். இல்லைன்னா ரப்பர் காய்ஞ்சு உரசியே செத்துப்போகும். அந்தப் படலம் மெல்லிசா இருக்கணும்னா உரசுற பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கணும். குரோம்ல ஒரு சின்னத் துரு, கல் தெறிச்ச ஒரு புள்ளி, அவ்வளவு போதும். வண்டி ஒவ்வொரு தடவை அமுங்கும்போதும் அந்தப் புள்ளி ரப்பர் உதட்டை அரம் மாதிரி அராவிக்கிட்டே இருக்கும்.

நான் போன பட்டறையில மூணு தடவையும் புது சீல் போட்டாங்க. நல்ல சீல்தான். யாரும் அந்தக் குழாயைத் தடவிப் பார்க்கலை. நாலாவது தடவை, பி.என். ரோடு பக்கம் ஒரு லேத் பட்டறைக்காரர், வயசானவர், குழாயைத் துணியால துடைச்சு நகத்தை மேல இருந்து கீழ ஒரு இழுப்பு இழுத்தார். ரெண்டு இடத்துல நகம் தட்டுச்சு. “தம்பி, நிட்டிங் மெசின்ல தேஞ்ச கேம்ல புது ஊசி போட்டா என்ன ஆகும்?”னு கேட்டார். நான் பனியன் ஊர்ல பொறந்தவன், இதுக்குப் பதில் தெரியும். ஊசி உடையும். ஒரே டிராக்ல திரும்பத் திரும்ப ஊசி போச்சுன்னா எந்த நிட்டிங் மெக்கானிக்கும் ஊசிக் கம்பெனியைத் திட்டமாட்டார், கேமைக் கழட்டிப் பார்ப்பார். வண்டின்னு வந்தா மட்டும் நாம டூப்ளிகேட் சீல்னு சொல்லிட்டு அடுத்த சீல் வாங்கப் போயிடுறோம். சாஃப்ட்வேர்லயும் இந்த வியாதி உண்டு. மெமரி லீக் ஆகுற சர்வரைத் தினம் ராத்திரி ரீஸ்டார்ட் பண்ண ஆட்டோமேட் பண்ணிட்டு, ஃபிக்ஸ்னு டிக்கெட்டை மூடுறவங்களை எனக்குத் தெரியும்.

சரி, இதுல ஒரு நல்ல உதாரணம் நம்ம பக்கமே இருக்குது, வண்டி இல்லை, அடிபம்பு. இந்தியா மார்க் 2 பம்பு ஊர்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதோட பிஸ்டன்ல தோல் வாசர் இருக்கும். அது தேஞ்சா தண்ணி மேல வராது. மாத்தணும்னா கிணத்துக்குள்ள இருக்கிற குழாய் அத்தனையும் வெளிய இழுக்கணும், அதுக்கு வண்டி வேணும், ஆள் வேணும். 1980-கள்ல ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் சேர்ந்து நடத்தின அடிபம்புத் திட்டத்துல, கோவை மாவட்டத்துலதான் இதைக் களத்துல வச்சுப் பார்த்தாங்க. திருப்பூர் அப்போ கோவை மாவட்டம்தான், நாம தனி மாவட்டம் ஆனது 2009-ல. அங்க அடிக்கடி போற பார்ட்டு எதுன்னு எண்ணிப் பார்த்தாங்க. தோலுக்குப் பதிலா நைட்ரைல் ரப்பர் வாசர் போட்டாங்க, ரிப்பேர் நல்லாவே குறைஞ்சுது. அதோட விடலை. குழாயை அகலமாக்கி, பிஸ்டனை மட்டும் அது வழியாவே மேல உருவி எடுக்கிற மாதிரி மார்க் 3 வந்துச்சு. வாசர் என்னிக்காவது தேயத்தான் செய்யும்னு ஒத்துக்கிட்டு செஞ்ச டிசைன் அது. எனக்கு இந்த நேர்மை ரொம்பப் பிடிச்சிருக்குது. என் வண்டியில ஒரு சீலை மாத்த வீல், காலிப்பர், மட்கார்டு, ஃபோர்க் எல்லாத்தையும் இறக்கணும்.

இப்போ பெட்ரோலுக்கு வருவோம், ஏன்னா போன வருஷத்துல இருந்து ஒழுகுற எல்லாத்துக்கும் பட்டறையில ஒரே பதில்தான் வருது: “எல்லாம் எத்தனால் பெட்ரோல் பண்ற வேலைங்க.” என் ஃபோர்க்குக்கே இந்தப் பதிலைச் சொன்னாங்க. ஃபோர்க்குக்குள்ள பெட்ரோல் போறதே இல்லைங்க! ஆனா பெட்ரோல் படுற ரப்பர் வேற விஷயம். ரப்பர்ல பல ஜாதி உண்டு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திரவத்துக்கு. எத்தனால் பட்டா சில பழைய ரப்பர் ஊதும், காய்ஞ்சா சுருங்கி விரியும். 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில அறிமுகமாச்சு, 2025-ல நாடு முழுக்க அந்த அளவைத் தொட்டாச்சு. அதுக்கு முன்னால வந்த வண்டிகள் கோடிக்கணக்குல ஓடிக்கிட்டிருக்குது. 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகமே சொல்லுச்சு: சில பழைய வண்டிகள்ல 20,000 – 30,000 கிலோமீட்டர் ஓடின பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாத்த வேண்டி வரலாம், செலவு அதிகமில்லை, வழக்கமான சர்வீஸ்லயே முடிஞ்சுரும்னு.

செலவு அதிகமில்லைங்கிறது யாருக்குன்னு பார்க்கணும். எங்க தெருவுல ஒரு அண்ணன் மொபெட்ல பண்டல் அடிக்கிறார். கட்டிங்ல இருந்து பவர்டேபிளுக்கு, அங்கிருந்து செக்கிங்குக்கு. பெட்ரோலோட ஆயில் கலந்து ஊத்துற பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. டேங்க் அடியில பெட்ரோல் டேப்புக்குள்ள ஒரு ரப்பர், அது சொட்டு சொட்டா விடுது. காலுக்கு நடுவுல பண்டல். பெட்ரோல் பறந்துரும், ஆயில் துணியிலயே நின்னுரும். வெள்ளைப் பனியன் பீஸ்ல அந்த மஞ்சள் கறை விழுந்தா செக்கிங்ல தள்ளிடுவாங்க, அந்த பீஸுக்கான காசு அவர் கணக்குல டெபிட். ரப்பர் விலை ஒரு டீ, வடை காசுதான். ஆனா ஒரு பண்டல் போனா அன்னிக்குக் கூலி போச்சு. தீ பயம் தனி. வருஷத்துல ரெண்டு தடவை அதே பழைய ரக ரப்பரையே வாங்கிப் போட்டுக்கிட்டிருந்தார். எத்தனால் தாங்குற ரப்பரான்னு கடையில கேட்டா, “சைஸ் சரியா இருக்குதுல்ல?”ங்கிறாங்க. கவர் மேல எதுவும் எழுதியிருக்கிறதில்லை. இதை எழுதச் சொல்றது அரசாங்கத்தோட வேலைன்னு நான் நினைக்கிறேன். மாத்திக்கங்கன்னு சொன்னவங்க, எதை வாங்கி மாத்தணும்னும் சொல்லணும்.

ஃபோர்க் விஷயத்துக்கு, பட்டறையில நின்னு கேட்க வேண்டியதைச் சொல்லிடறேன். குழாயை நகத்தால தடவிப் பாருங்க. துரு மேலோட்டமா இருந்தா ரொம்ப நைசான எமரி பேப்பர் போதும், குழி விழுந்திருந்தா குழாயை மாத்தணும். வளைஞ்சிருக்குதான்னு உருட்டிப் பார்க்கச் சொல்லுங்க. மேல் தூசி சீலையும் மாத்துங்க, அதை நிறைய பேர் பழசையே திருப்பி மாட்டுறாங்க. புது சீலை ஸ்க்ரூடிரைவர் வச்சுத் தட்டி இறக்க விடாதீங்க. ஆயிலைக் கண்ணளவுல ஊத்த விடாதீங்க, கூடிப்போனா உள்ள காத்துக்கு இடம் குறைஞ்சு அழுத்தம் ஏறி, நல்ல சீலையே தள்ளிட்டு வெளிய வரும்.

என் வண்டிக்கு ரெண்டு குழாயும் புதுசு போட்டேன். மூணு தடவை சீலுக்கும் கூலிக்கும் கொடுத்ததைவிட ஒரு ஆயிரம் ரூபா கூட ஆச்சு. பதினோரு மாசம் ஓடியிருக்குது, இப்போதைக்குக் காய்ஞ்சுதான் இருக்குது. உங்க வண்டியில எது திரும்பத் திரும்ப ஒழுகுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கார்புரேட்டர் ஓவர்ஃபுளோ பத்தி ஏற்கெனவே நாலு பேர் கேட்டிருக்கீங்க, அடுத்த வாரம் அதை எடுத்துக்கலாம்.